டச்சுக்காரர் ஆளாத மலையில் டச்சுத் தடம்

கரீபியன் கடலில், வெனிசுலாவுக்கு வடக்கே இருக்கும் குரசாவ் தீவுக்குப் போகிறவர்கள் வில்லெம்ஸ்டாட் துறைமுகத்தின் வண்ண வீடுகளைப் பார்க்கத்தான் போகிறார்கள். 1634இல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி பிடித்த தீவு அது. 1997இல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலக மரபிடமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் டச்சு மரபைத் தேடிப் போகிறவர்களும் இதே வகைப் பொருள்களைத்தான் தேடுகிறார்கள்: பழவேற்காட்டுக் கல்லறைகள், சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை, யாழ்ப்பாணக் கோட்டை, நெடுந்தீவின் இடிபாடுகள். ஆண்டவர்கள் எங்கே குடியிருந்தார்களோ அங்கேதான் அவர்கள் விட்டுச்சென்றதும் இருக்கும் என்ற நம்பிக்கை இதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கை பாதிதான் சரி. காலனியம் கட்டிடங்களால் மட்டும் நடக்கவில்லை. விதை, விலை, சந்தை, மருந்து ஆகியவற்றாலும் நடந்தது. இவை கடல் தாண்டி, கொடி பறக்காத இடத்தையும் மாற்றிவிடும். ஒல்லாந்தர் ஒரு நாள்கூட ஆளாத நீலகிரி இதற்கு நல்ல சான்று.

நீலகிரியின் வரலாறு வழக்கமாக முழுக்க ஆங்கிலேயர் கதையாகவே சொல்லப்படுகிறது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார், உதகையில் கல்வீடு கட்டினார், ஏரி வெட்டினார், பிறகு தேவாலயம், கிளப், தாவரவியல் பூங்கா, மலை ரயில், தேயிலை என்று வரிசை போகும். டச்சுக்காரர் பெயர் இந்த வரிசையில் வராது. 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஒல்லாந்தர் இந்தியாவில் வைத்திருந்த ஊர்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் தூத்துக்குடியும் 1825இல் கைமாறின. உதகை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. டச்சு வழி வந்தவர்கள் கூட்டமாக இந்த மலைக்கு வந்தது ஒரே ஒரு முறை. தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களை ஆங்கிலேயர் இந்தியாவில் பல முகாம்களில் அடைத்தபோது, அவற்றில் ஒன்று கேத்தியில் இருந்தது. அவர்கள் கைதிகளாக வந்து கைதிகளாகவே போனவர்கள், மலையை மாற்றியவர்கள் அல்லர். மலையை மாற்றிய டச்சுக்காரர்கள் ஜாவாவில், பாண்டுங் நகருக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இன்று நீலகிரியில் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும் தேயிலைப் பச்சையில் ஒரு பங்கு அந்தத் தோட்டத்தில் தீர்மானமானது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இரண்டு தோட்டங்களையும் இணைத்த மரம் சின்கோனா. அதன் பட்டையிலிருந்து கிடைக்கும் கொய்னாவை 1820இல் பாரிசில் பெல்லத்தியே, கவந்து என்ற இரு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். மலைக்காய்ச்சலுக்கு அன்று அதைவிட நம்பகமான மருந்து இல்லை. மரமோ தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவில் மட்டுமே வளர்ந்தது. இந்தியாவில் படையையும் ரயில்பாதைக் கூலிகளையும் வைத்திருந்த ஆங்கிலேயருக்கும், இந்தோனேசியத் தீவுகளில் அதே நிலையில் இருந்த டச்சுக்காரருக்கும் அந்த மரத்தைத் தங்கள் மண்ணில் வளர்க்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. டச்சு அரசு முந்திக்கொண்டது. ஹாஸ்கார்ல் என்ற தாவரவியலாளர் பெருவிலிருந்து எடுத்த செடிகள் 1854இல் ஜாவா போய்ச் சேர்ந்தன. ஆங்கிலேயர் 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கமை அனுப்பினார்கள். அவர் திரட்டிய செடிகள் செங்கடல் வெப்பத்தைத் தாண்டி உதகைக்கு வந்தபின் பட்டுப்போயின. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் சேகரித்த சிவப்புப் பட்டைச் சின்கோனாவை ராபர்ட் கிராஸ் 1861இல் பத்திரமாகக் கொண்டுவந்தார். உதகைத் தாவரவியல் பூங்காவை நிர்வகித்த வில்லியம் கிரகாம் மெக்ஐவர் அவற்றைப் பெற்று வளர்த்தார்.

மெக்ஐவர் கைதேர்ந்த தோட்டக்காரர். தொட்டபெட்டாவின் குளிர் உயரத்தில் வெளிர் பட்டை இனத்தையும், கூடலூர்ச் சாலையில் அதைவிடத் தாழ்ந்த நடுவட்டத்தில் சிவப்புப் பட்டை இனத்தையும் நட்டார். சிவப்புப் பட்டை மரத்தைக் கீறினால் முதலில் பால் போன்ற சாறு கசியும், காற்றுப் பட்டதும் அது சிவக்கும். மரத்தை வெட்டாமலேயே பட்டை எடுக்க அவர் ஒரு வழி கண்டார். மரத்தின் தண்டில் மேலிருந்து கீழாக நீண்ட நாடாக்களாகப் பட்டையை உரிப்பார்கள். உரித்த இடத்துக்கும் அடுத்து உரிக்கும் இடத்துக்கும் நடுவே பட்டையை அப்படியே விட்டுவைப்பார்கள். திறந்த பகுதியின் மேல் ஈரமான பாசியை வைத்துக் கட்டுவார்கள். வெயில் படாமல் மூடிய அந்த இடத்தில் புதுப் பட்டை வளரும், அதில் மருந்துச் சத்து முன்னைவிடக் கூடுதலாகவே இருந்தது. சோலைகளிலிருந்து பாசி திரட்டுவதும், கட்டுவதும், அது காய்ந்து விழாமல் பார்ப்பதும் ஓயாத கைவேலை. உலகச் சின்கோனாத் தொழிலுக்கு நீலகிரி கொடுத்த சொந்தக் கண்டுபிடிப்பு என்று இதைச் சொல்லலாம். சின்கோனாவில் நீலகிரி பின்னாளில் தோற்றதற்குத் திறமைக் குறைவே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கும் இதுவே சாட்சி.

இந்தக் கைவேலையைச் செய்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் கதை நிறைவாகாது. சமவெளிக் கூலிகள் போதாதபோது அரசு கைதிகளைக் கொண்டுவந்தது. சிங்கப்பூர், பினாங்கு முதலிய குடியேற்றங்களில் தண்டனை பெற்று, சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த சீனர்கள் அவர்களில் இருந்தார்கள். நடுவட்டத்தில் அவர்களுக்கென்று சிறை எழுந்தது. விடுதலையான சிலர் ஊர் திரும்பாமல், தமிழ்ப் பெண்களை மணந்து நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியேறி, காப்பி பயிரிட்டும் காய்கறி வளர்த்தும் மாடு வைத்தும் பிழைத்தார்கள். நிலமும் சும்மா கிடந்த நிலம் அன்று. சின்கோனாவுக்கு வளமான கருமண் வேண்டும், அந்த மண் சோலைகளின் அடியில்தான் இருந்தது. நீரூற்றுகளைக் காத்துவந்த சோலைகளை வெட்டித்தான் நட்டார்கள். அவற்றைச் சுற்றிய புல்வெளிகளில் தோதவப் பழங்குடியினரின் மந்து எனப்படும் குடியிருப்புகளும் எருமை மேய்ச்சலும் இருந்தன. மருந்துக்கு வைத்த மரம் என்பதால் இந்த விலை இல்லாமல் போய்விடாது.

இனி ஜாவாவுக்கு வருவோம். டச்சுக்காரரின் முதல் பத்தாண்டு முழுத் தோல்வி. யுங்ஹூன் என்ற ஜெர்மன் நாட்டு இயற்கையியலாளரின் பொறுப்பில் அவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் நட்ட இனம் கொய்னா ஏறக்குறைய இல்லாத இனம். அப்போது நீலகிரிதான் உலகத்துக்கு முன்மாதிரி. 1864இல் யுங்ஹூன் இறந்தார், வான் கோர்க்கம் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு, பொலிவியாவில் வியாபாரம் செய்த சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேயர் அனுப்பிய விதை லண்டனுக்கு வந்தது. அதைத் திரட்டித் தந்தவர் மானுவேல் இன்க்ரா மமானி என்ற அய்மாரா இனத்தவர். எந்த மரம் நல்ல மரம் என்று தெரிந்த அந்த மனிதர், விதை கொடுத்த குற்றத்துக்காகப் பின்னாளில் சிறையில் அடிபட்டு 1871இல் இறந்தார். ஆங்கில அரசு அந்த விதையை வேண்டாம் என்றது. டச்சு அரசு சொற்பப் பணத்துக்கு ஒரு பவுண்டு வாங்கியது. 1872இல் ஜாவாவில் அந்த மரங்களின் பட்டையைச் சோதித்தபோது, சிவப்புப் பட்டையில் 100க்கு 2 பங்கு அளவில் இருந்த கொய்னா, இதில் 8 பங்கு முதல் சில மரங்களில் 13 பங்கு வரை இருந்தது. லெட்ஜெரியானா என்று பெயர் பெற்ற இந்த இனம்தான் உலகச் சந்தையைத் தலைகீழாக்கியது.

இந்தக் கதையை வழக்கமாக அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள்: ஆங்கிலேயர் விதையைத் திருப்பி அனுப்பினார்கள், டச்சுக்காரர் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்று. ஆனால் ஒரு தகவல் இந்த விளக்கத்தைக் குலைக்கிறது. டச்சுக்காரர் வாங்கியது போக மீதி விதையை, இந்தியாவில் தோட்டம் வைத்திருந்த மனி என்ற ஆங்கிலேயர் வாங்கினார். அவர் அதை நீலகிரி அரசுத் தோட்டத்தில் சிவப்புப் பட்டை விதைக்கு மாற்றாகக் கொடுத்தார். அதாவது ஜாவாவுக்குப் போன அதே விதை உதகைக்கும் வந்தது, முளைக்கவும் செய்தது. இரு இடத்திலும் விதை ஒன்றாக இருக்கும்போது, ஓரிடத்தில் அது பேரரசானதற்கும் மற்றோரிடத்தில் தொலைந்துபோனதற்கும் காரணத்தை விதைக்கு வெளியேதான் தேட வேண்டும்.

அந்தக் காரணம் இரண்டு நிர்வாகங்களின் நடைமுறையில் கிடைக்கிறது. சின்கோனா இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எளிதில் கலந்துவிடும். கலந்து வரும் விதையில் கொய்னாவின் அளவு எப்படியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீலகிரியில் பல இனங்கள் அருகருகே நின்றன, கலப்பினங்கள் பெருகின. மெக்ஐவர் மரத்தின் வளர்ச்சியையும் பட்டையின் எடையையும் பார்த்தார், விதையையும் நாற்றையும் தனியார் தோட்டங்களுக்கு விற்றார். 1866இல் வந்த கொய்னாச் சோதனையாளர் ஜான் பிராட்டன் 1874இல் விலகினார். மெக்ஐவர் 1876இல் இறந்தார். டேவிட் ஹூப்பர் 1884இல் வரும்வரை சோதனையாளர் பதவியில் ஆள் இல்லை. அதே ஆண்டுகளில் ஜாவாவில் தோட்டத்தின் தலைமையே வேதியியல் தெரிந்த பெர்னெலோட் மூன்ஸ் கையில் இருந்தது. அவர்கள் ஒவ்வொரு மரமாகப் பட்டையைச் சோதித்தார்கள். குறைந்த மரத்தை வெட்டினார்கள், சிறந்த மரங்களைக் கலப்பு நேராதபடி தனியே பிரித்து நட்டார்கள். லெட்ஜெரியானாவின் வேர் பலவீனமானது என்று தெரிந்ததும் சிவப்புப் பட்டையை அடிமரமாக வைத்து அதன்மேல் ஒட்டுக் கட்டினார்கள். நீலகிரி பெருமைப்பட்ட மரம் ஜாவாவில் வெறும் வேராக மாறியது. சோதனைச்சாலை தோட்டத்தை நடத்தியதா, தோட்டம் சோதனைச்சாலையை மறந்ததா என்பதில்தான் வெற்றி தோல்வி பிரிந்தது.

இதன் விளைவு 1880களில் வெளிவந்தது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் அவுன்சுக்குப் பத்து ஷில்லிங்குக்கு மேல் விற்ற கொய்னா, 1890களில் ஒரு ஷில்லிங் அளவுக்கு இறங்கியது. இலைநோயில் காப்பியை இழந்து சின்கோனாவுக்கு மாறியிருந்த நீலகிரித் தனியார் தோட்டக்காரர்களுக்கு, பட்டை உரிக்கும் கூலிகூடக் கட்டுபடியாகவில்லை. மரத்தைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள். 1869இல் நீலகிரியில் தேயிலை சில நூறு ஏக்கரைத் தாண்டவில்லை. 1904 வாக்கில் அது சுமார் 8,000 ஏக்கர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நிற்பது சின்கோனாவின் வீழ்ச்சி.

இதை மறுக்க முடியும், மறுப்புகள் வலுவானவையும்கூட. முதல் மறுப்பு: விலையை வீழ்த்தியது ஜாவா அன்று, இலங்கை. காப்பி போன பிறகு இலங்கைத் தோட்டக்காரர்கள் கண்மூடித்தனமாகச் சின்கோனா நட்டு, 1880களின் நடுவில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி பவுண்டு அளவுக்குப் பட்டையைச் சந்தையில் கொட்டினார்கள். இது உண்மை. ஆனால் இலங்கை சில ஆண்டுகளிலேயே மரங்களைப் பிடுங்கிவிட்டது. விலைச் சரிவுக்கு இலங்கை மட்டுமே காரணமாக இருந்திருந்தால், இலங்கை விலகியதும் விலை ஏறி நீலகிரி மீண்டிருக்க வேண்டும். மீளவில்லை. ஏனென்றால் அந்தத் தாழ்ந்த விலையிலும் நான்கைந்து மடங்கு சத்துள்ள பட்டையை விற்று ஜாவா நின்றுபிடித்தது. விலையை இறக்கியது இலங்கை, ஏறவிடாமல் பார்த்துக்கொண்டது ஜாவா.

இரண்டாவது மறுப்பு மண்ணைச் சொல்லும். ஜாவாவின் எரிமலை மண்ணும் சீரான மழையும் நீலகிரிக்கு இல்லை, லெட்ஜெரியானா உதகைக் குளிரைத் தாங்காது என்பார்கள். மண்ணுக்குப் பங்கு உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் அதே எரிமலை மண்ணில்தான் டச்சுக்காரர் முதல் பத்து ஆண்டு தோற்றார்கள். மண் மட்டும் போதுமென்றால் அந்தத் தோல்வி நேர்ந்திருக்காது. மூன்றாவது மறுப்பு: தேயிலை சின்கோனாவுக்கு முன்பே நீலகிரிக்கு வந்துவிட்டது. 1830களில் கேத்தியில் சோதித்தார்கள், 1850களில் குன்னூரில் மான் என்பவர் தோட்டம் வைத்தார், தாய்சோலையும் பழைய தோட்டம். இதுவும் சரி. ஆனால் செடி வந்த ஆண்டு வேறு, செடி மலையைப் பிடித்த ஆண்டு வேறு. காப்பியும் சின்கோனாவும் லாபம் தந்தவரை தேயிலை ஓரத்தில்தான் இருந்தது. காப்பியை விரட்டியது நோய். சின்கோனாவை விரட்டியது ஜாவா. இரண்டும் போன இடத்தில் தேயிலை நுழைந்தது.

இவ்வளவும் சொல்வது டச்சு ஆட்சியைப் புகழ்வதற்கு அன்று. ஜாவாவின் குடியானவர்களைக் கட்டாயப் பயிருக்கு உட்படுத்தி நெதர்லாந்தை வளர்த்த அரசுதான் அது. தங்கள் பட்டை சந்தையைப் பிடித்தபின் டச்சுக்காரர் செய்ததையும் பார்க்க வேண்டும். 1913இல் தோட்டக்காரர்களும் கொய்னா ஆலைகளும் சேர்ந்து விலை ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். உலகப் பட்டையில் 100க்கு 90 பங்குக்கு மேல் ஜாவாவில் விளைந்த காலத்தில், மலேரியாவில் சாகும் ஏழை நாடுகளுக்கு மருந்தின் விலையை ஆம்ஸ்டர்டாம் தீர்மானித்தது. நீலகிரி அரசுத் தோட்டமோ மலிவான காய்ச்சல் மருந்தைத் தருவதை நோக்கமாக அறிவித்திருந்தது. சந்தையில் தோற்ற பிறகும் நடுவட்டம் ஆலை சாதாரண மக்களுக்காகக் கொய்னா தயாரித்தது. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்து உலகின் கொய்னா வரத்து நின்றபோது, லாபமில்லை என்று ஒதுக்கப்பட்ட நீலகிரி, ஆனைமலை, டார்ஜிலிங் மரங்கள்தான் கைகொடுத்தன. ஆகவே நீலகிரியின் தோல்வி சந்தைத் தோல்வி. பொதுநலன் என்ற அளவுகோலில் அது அவ்வளவு தோற்கவில்லை. பொதுநலனை நோக்கமாக வைத்துக்கொண்டே, அதை நிறைவேற்றும் அறிவியலுக்குப் பத்து ஆண்டு ஆள் போடாமல் விட்டதுதான் அதன் பிழை.

செயற்கை மருந்துகள் வந்தபின் சின்கோனாவுக்கு அந்தத் தேவையும் போயிற்று. அரசுச் சின்கோனா நிலங்கள் பலவற்றில் தேயிலை ஏறியது, அவை டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனத்தின் கீழ் வந்தன. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழருக்கு வேலை தரும் நோக்கத்தோடு வளர்ந்த நிறுவனம் அது. காப்பி போய், சின்கோனா போய், தேயிலை வந்த அதே வரிசையில் இலங்கையிலும் உழைத்த குடும்பத்தினர், நான்கைந்து தலைமுறைக்குப் பின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து பறிக்க வந்தார்கள். அவர்களுடைய பயணத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கொழும்பையும் டெல்லியையும் சொல்கிறோம். அந்தப் பயணத்தின் முதல் கணக்கு லண்டன், ஆம்ஸ்டர்டாம் பட்டைச் சந்தைகளில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குரசாவ் இந்த வகையில் நமக்கு ஒரு பாடம் தருகிறது. வண்ண வீடுகளைக் காட்டிப் பணம் பார்க்கும் அந்தத் தீவு, 1795 ஆகஸ்ட் 17 அன்று துலா என்ற அடிமையின் தலைமையில் எழுந்த கிளர்ச்சியையும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. அடிமை வணிகத்தின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகமும் அங்கே உண்டு. வருகிறவர் அழகையும் பார்க்கிறார், அந்த அழகுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்கிறார். தெரிந்ததால் சுற்றுலா குறைந்துவிடவில்லை. நீலகிரியில் மலை ரயிலுக்கும் பூங்காவுக்கும் கிடைக்கும் கவனத்தில் கால் பங்காவது நடுவட்டத்துக்குக் கிடைக்க வேண்டும். எஞ்சி நிற்கும் சின்கோனா மரங்களைக் கணக்கெடுத்துக் காக்க வேண்டும். மெக்ஐவர், பிராட்டன் பெயர்களோடு சீனக் கைதிகளையும், சோலை இழந்த தோதவரையும், பாசி கட்டிய கூலிகளையும், மமானியையும் ஒரே பலகையில் எழுத வேண்டும். அதே பலகையில் ஜாவாவின் பெயரும் இருக்க வேண்டும். காலனிய மரபு என்றால் ஆண்டவன் கட்டிய வீடு மட்டுமே என்று நினைக்கும்வரை, தேயிலை மலையை இயற்கைக் காட்சி என்றே பார்த்துவிட்டுத் திரும்புவோம். அது ஒரு வரலாற்று முடிவு, அந்த முடிவை எடுத்தவர்களில் இந்த மலையைக் கண்ணால் காணாதவர்களும் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை, இங்கே உழைப்பவருக்கும் உண்டு, இங்கே வருகிறவருக்கும் உண்டு.